கேள்வி பதில்: உறைபனி இல்லாத ஊரில் ஒரு பனிப் பயம்

கேள்வி: பழைய ஈயச் (வெள்ளீயம், tin) சுரங்க மணலில் சிமெண்ட் கலந்து செம்பனைத் தோட்டப் பாதை போடலாம் என்கிறார்கள். இங்கிலாந்தில் இருக்கும் என் மகனோ, அங்கே நிலக்கரிச் சுரங்கக் கழிவில் இப்படிப் போட்டால் பனிக்காலத்தில் விரிசல் விடும் என்கிறான். இங்கேயும் அப்படி ஆகுமா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: மகன் சொல்வது சரிதான், ஆனால் அது குளிர் நாட்டுக் கதை. தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருகும். அதைவிடப் பெரிய தொல்லை, நுண்துகள் அதிகமுள்ள கழிவு கீழேயிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அது மேலே அடுக்கடுக்காகப் பனிக்கட்டியாகிப் பாதையையே தூக்கிவிடும், அப்புறம் உருகும்போது சொதசொதவென்று ஆகி ஒரு லோரி போனாலே நொறுங்கும். சிமெண்டைக் குறைத்துப் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

நமக்குக் குளிரான கேமரன் மலையிலேயே தண்ணீர் உறைவதில்லை, சுங்கை சிப்புட்டில் எங்கே உறையப்போகிறது? நீங்கள் பயப்பட வேண்டியது பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமத்துக்கு. கழிவில் அது இருந்தால் காற்றும் மழையும் பட்டு சல்பேட்டாகும், சிமெண்டோடு சேர்ந்து எட்ரிங்கைட் என்ற படிகமாகி வீங்கும். அதற்குக் குளிரே தேவையில்லை. ஈய மணலில் பெரும்பகுதி இப்படி வீங்காத குவார்ட்ஸ் கல்தான் என்றாலும், சல்பேட் பரிசோதனை செய்யாமல் வாங்காதீர்கள். சுரங்கக் குட்டை அடியில் படிந்த களிச்சேற்றை மணல் என்று தலையில் கட்டப் பார்த்தால் வேண்டாம் என்றுவிடுங்கள். இரண்டு பக்கமும் கால்வாய் வெட்டச் சொல்லுங்கள், செம்பனை லோரி ஓடும் பாதை அல்லவா.