மே மாதம் வேண்டாம், ஜனவரியில் போங்கள்

நாகப்பட்டினத்திலிருந்து மே மாதம் காரில் வீராணம் ஏரிக்குப் போனால் தண்ணீர் இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். நம்ப முடியாது. கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள கீழணையிலிருந்து வடவாறு என்ற கால்வாய் வழியாகத்தான் ஏரிக்குத் தண்ணீர் வருகிறது. கோடையில் பல வருடம் வெறும் சேறுதான். ஜனவரிக்குத் தள்ளிப்போடுங்கள்.

சிதம்பரம் போய், அங்கிருந்து காட்டுமன்னார்கோயில், லால்பேட்டை. அப்புறம் சேத்தியாத்தோப்பு வரை கரையை ஒட்டியே சாலை. கரை கிழக்குப் பக்கம், தண்ணீர் மேற்கே. கடலில் சூரியன் உதிப்பதையே பார்த்த உங்களுக்கு இங்கே தண்ணீருக்குள் இறங்கும். நானும் கடற்கரைக்காரன்தான், முகம் கழுவிவிட்டு, பழக்கதோஷத்தில் உதட்டை நக்கிப் பார்த்தேன், உப்பே இல்லை!

நேரமிருந்தால் கங்கைகொண்ட சோழபுரம் பக்கம் ராஜேந்திர சோழன் வெட்டிய பொன்னேரியையும் பாருங்கள். சாலை குறுகல், இருட்டுவதற்குள் கிளம்பிவிடுங்கள்.