கேதார்காந்தாவுக்கு ஒரு பெரிய ஜாக்கெட் போதுமா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 31. டிசம்பர் கடைசியில் நண்பர்களோடு உத்தராகண்டின் கேதார்காந்தா மலைக்குப் போகிறார். இதுவரை கொடைக்கானல் குளிருக்கு மேல் பார்த்ததில்லை. கனமான ஜாக்கெட் ஒன்று வாங்கிவிட்டார். "இது போதுமா? வேறு என்ன தயாரிப்பு வேண்டும்?" என்பது கேள்வி.

ஜாக்கெட் நல்லதுதான், ஆனால் நடக்கும்போது அதைப் பெரும்பாலும் போடமாட்டீர்கள். பனிமலைக்கு முதல் தடவை போகும் நம் ஊர்க்காரர்கள் குளிருக்குத்தான் பயப்படுவார்கள். நான் பயப்படச் சொல்வது வியர்வைக்கு.

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் மேல் கசியும் ஈரம் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டையோடு பனியில் நின்றால் உங்கள் உடம்புதான் அந்தப் பானை. போதாததற்கு, நனைந்த துணி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீரோ காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். வேர்வையோடு காத்தாடிக்குக் கீழே நிற்காதே என்று வீட்டில் அம்மா சொல்வாரே, அந்தப் பேச்சை அங்கே அப்படியே கேளுங்கள்.

ஒருமுறை எங்களோடு வந்த ஒரு தம்பி, காலையில் குளிர்கிறதென்று இருந்ததையெல்லாம் போட்டுக்கொண்டு ஏறினார். ஒரு மணி நேரத்தில் பனியனெல்லாம் தொப்பலாகிவிட்டது. சாப்பிட உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் பல் கிட்டித்துப்போனது. அவருக்கு மாற்று உடை போட்டு, வெந்நீர் கொடுத்து, சூடு திரும்புவதற்குள் எங்களுக்கு உயிர் போய் வந்தது.

அதனால் பருத்திப் பனியன், ஜீன்ஸ் இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். உடம்பை ஒட்டி, சீக்கிரம் காயும் பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளித் தெர்மல் உள்ளாடை. அதன்மேல் ஃப்ளீஸ் எனும் மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை. எல்லாவற்றுக்கும் மேலே காற்றையும் ஈரத்தையும் தடுக்கும் மெல்லிய மேலுறை. நடை தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும். இதமாக இருந்தால் அதிகம் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். பத்து நிமிடம் ஏறியதும் நின்று ஒன்றைக் கழற்றுங்கள். கூட வருபவர்கள் காத்திருப்பார்கள், கூச்சப்படாதீர்கள். அந்தப் பெரிய ஜாக்கெட்டைப் பையில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். நின்றதும் எடுத்துப் போடுங்கள், கிளம்பும்போது கழற்றுங்கள். சிகரத்துக்கு விடியுமுன் இருட்டிலேயே கிளம்புவார்கள். அந்த நடையின் ஆரம்பத்தில் மட்டும் வேண்டுமானால் போட்டுக்கொண்டே நடக்கலாம்.

இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 5, 10 டிகிரி வரை இறங்குவது அங்கே சாதாரணம். தூங்குவதற்கென்றே ஒரு ஜோடி கம்பளிக் காலுறையைத் தனியாக வையுங்கள். பகலில் எவ்வளவு ஆசை வந்தாலும் அதைத் தொடாதீர்கள். கசியாத பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றி, ஸ்லீப்பிங் பேக்குக்குள் கால்மாட்டில் வைத்துக்கொண்டால் பாதி ராத்திரி நிம்மதி. செல்போனும் பவர் பேங்கும் உள்ளேயே இருக்கட்டும். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும். கூடாரத்தில் வைக்கும் தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்துங்கள். உறைவது மேலிருந்துதான் தொடங்கும், மூடிப் பக்கம் அடைக்காது.

அடுத்து, உயரம். நடை தொடங்கும் சாங்க்ரி கிராமம் ஏறக்குறைய 6,400 அடி, கொடைக்கானலைவிடச் சற்றுத் தாழ்வு. ஆனால் பல குழுக்கள் முதல் இரவு தங்கும் ஜூடா கா தாலாப் ஏரிப் பக்கமே நம் தொட்டபெட்டா உச்சியைவிட உயரம். சிகரம் 12,500 அடி. 3,000 மீட்டருக்கு (ஏறக்குறைய 9,800 அடி) மேல் போய்விட்டால், தூங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு (ஏறக்குறைய 1,600 அடி) மேல் உயர்த்தக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் பொது அளவு. அவசர அவசரமாக ஏற்றிவிடும் திட்டங்கள் இதைத் தாண்டிவிடுகின்றன. ஒரு நாள் கூடுதலாக உள்ள திட்டத்தையே எடுங்கள் என்பேன், செலவு கொஞ்சம் கூடினாலும்.

தலைவலியோடு குமட்டல், பசியின்மை, அசதி வந்தால் உயரம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம், அதற்கு மேல் ஏறக் கூடாது. கூடிக்கொண்டே போனால் இறங்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குடித்தவர் போல நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நேரமே இறக்குங்கள். தலைவலியை மறைத்து மாத்திரை போட்டுக்கொண்டு நடப்பவர்களை நினைத்தால்தான் எனக்கு மிகவும் கவலை. இந்த உயர நோயைத் தடுக்க உதவும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் அவசியம் சொல்லுங்கள்.

பயிற்சிக்கு நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். மலைக்கோட்டையின் 400 சொச்சம் படிகளை வாரத்தில் நான்கு நாள் ஏறி இறங்குங்கள். அங்கே செருப்பில்லாமல்தான் ஏற முடியும், ஆகவே புது ஷூவைப் பழக்க, தினமும் மாலையில் அதைப் போட்டுக்கொண்டு நடந்துவிடுங்கள். கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதுகில் எட்டுக் கிலோ பையோடு கொல்லிமலை ஆகாய கங்கைக்கு இறங்கி ஏறிப் பாருங்கள். முழங்கால் என்ன சொல்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கறுப்புக் கண்ணாடியைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். புதுப்பனி வெயிலைக் கண்ணுக்குள் திருப்பி அடிக்கும். ஒரே நாளில் கண் எரிந்து பார்வை மங்கிவிடும். காலணியில் மாட்டும் முள்பட்டையான மைக்ரோஸ்பைக்கைக் குழுவினரே தருவார்களா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், டேராடூனிலிருந்து திரும்பும் ரயிலை நடை முடிந்த மறுநாளுக்கே போட்டிருந்தால் மாற்றுங்கள். சாங்க்ரியிலிருந்து டேராடூனுக்கு 200 கிலோமீட்டர் மலைப்பாதை, ஒரு முழுப் பகல் போய்விடும். பனி விழுந்தால் வண்டி கிளம்பவே மதியமாகலாம்.