மத நம்பிக்கையைப் பற்றிய சிறுகதையில் நிறங்களைக் குறியீடாக எப்படிப் பயன்படுத்துவது?

கேட்ட விதத்தைப் பார்த்தால் ‘வெள்ளை தூய்மை, காவி துறவு’ என்று ஒரு பட்டியலோடு உட்கார்ந்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. தப்பாக நினைக்க வேண்டாம், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். தவக்காலத்தில் ஊதா உடுத்தும் பாதிரியார் ஈஸ்டருக்கு வெள்ளைக்கு மாறுவார். என் அப்பத்தாவும் 40 வருடம் வெள்ளைதான் கட்டினார். அதில் உயிர்ப்பும் இல்லை, தூய்மையும் இல்லை. தாத்தா செத்துப்போனார், அவ்வளவுதான்.

எனக்கு மதுரை. சித்ரா பௌர்ணமிக்கு அழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்கும்போது என்ன பட்டு உடுத்தியிருக்கிறார் என்பதுதான் ஊருக்கே பேச்சு. பச்சை என்றால் நாடு செழிக்கும், சிவப்பு என்றால் ஏதோ கெடுதல். பட்டர் பெட்டிக்குள் பார்க்காமல் கைவிட்டு எடுப்பார் என்பார்கள். (மூடநம்பிக்கை என்று சண்டைக்கு வருபவர்கள் வரிசையில் நிற்கவும். நம்புகிறேன் என்று நான் சொல்லவில்லை. கேட்காமல் இருக்க முடியாது என்கிறேன்.)

என் முதல் கதையில் அழகர் சிவப்புப் பட்டு உடுத்தினார், கதாநாயகனின் அப்பா செத்தார். படித்துக் காட்டியபோது அத்தை கேட்டார்: “அது ஊருக்குச் சொல்ற பலன்டா. உன் ஆளு ஒருத்தன் சாகறதுக்கு அவரு எதுக்குப் பட்டு மாத்தணும்?” கிழித்துப் போட்டேன்.

அப்புறம் ஒரு சித்திரையில் அப்பா ஆஸ்பத்திரியில். வார்டில் டிவி கிடையாது. நான் ஆழ்வார்புரம் பக்கம் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருந்தேன். முன்னால் எல்லாம் சர்க்கரைச் செம்பும் தோளில் ஏறிய பிள்ளைகளும். குதிரையின் காதுகூடத் தெரியவில்லை. போன் வந்தது.

“என்ன கலர்டா?”

“பச்சைப்பா.”

அதைத்தான் இரண்டாவது கதையாக எழுதினேன். நிறத்துக்கு நான் அர்த்தம் எதுவும் கொடுக்கவில்லை, அவர் கேட்ட அவசரத்திலேயே எல்லாம் இருந்தது. உங்கள் கதையிலும் அந்த நிறத்தை யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று பாருங்கள்.

ஆனால் அதை வெளியிட்ட பத்திரிகை என்ன செய்தது தெரியுமா? கடைசியில் ‘பச்சை, நம்பிக்கையின் நிறம்’ என்று ஒரு வரியை என்னைக் கேட்காமலே சேர்த்துவிட்டது. படத்தில் அழகருக்கு நீலப் பட்டு! சன்மானம் கேட்டால் “அடுத்த மாசம் சார்” என்கிறார்கள். மூன்று சித்திரை போய்விட்டது.