வெளியில் போனில் எடுக்கும் லைவை வீட்டுக் கம்ப்யூட்டர் வழியாக அனுப்பினால் அறுபடாமல் ஓடுமா?

ஓடும். போனிலிருந்து வீட்டுக்கு வருகிற படம் அப்பப்போ அறும். வீட்டிலிருந்து யூடியூபுக்குப் போகிற லைவ் அறாது. இரண்டும் வேறு வேறு என்பது ஒரு தேர்த் திருவிழாவில் அவமானப்பட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. மூன்று வருஷத்துக்கு முன்னால் மாரியம்மன் கோயில் தேரோட்டத்தைப் போனிலிருந்தே நேராக யூடியூபில் போட்டேன். தேர் நிலையை விட்டுக் கிளம்பும்வரை படம் கண்ணாடி மாதிரி இருந்தது. வடம் பிடிக்கக் கூட்டம் சேர்ந்ததும் போச்சு. ஊருக்கு ஒரே டவர். அத்தனை பேரும் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். லைவ் நின்றது. மறுபடி ஆரம்பித்தால் புது லிங்க். தேர் நிலைக்குத் திரும்புவதற்குள் நாலு லிங்க் ஆகிவிட்டது. சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா, "டேய், இதுல எதுலடா சாமி இருக்கு?" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டார்.

அடுத்த வருஷத்திலிருந்து வீட்டுக் கம்ப்யூட்டரை நடுவில் வைத்துவிட்டேன். போன் படத்தை வீட்டுக்கு அனுப்பும். வீட்டில் ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருள் அதை வாங்கி யூடியூபுக்கு அனுப்பும். போன் செத்தாலும் ஓபிஎஸ் பாட்டுக்கு அம்மன் படத்தையும் "சற்று நேரத்தில் வருகிறோம்" என்ற எழுத்தையும் காட்டிக்கொண்டிருக்கும். லிங்க் மாறாது. சேனலில் 50 சப்ஸ்கிரைபர் இல்லாதவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு: யூடியூப் ஆப்பிலிருந்து நேராக லைவ் போடத்தான் அந்தக் கணக்கு, கம்ப்யூட்டர் வழியாகப் போட அது தேவையில்லை. முதல் தடவை லைவ் வசதியைத் திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். அதனால் திருவிழாவுக்கு முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து ஆரம்பிக்காதீர்கள்.

போனிலிருந்து வீட்டுக்கு எந்த வழியில் அனுப்புகிறோம் என்பது முக்கியம். பழைய வழி ஆர்டிஎம்பி. பிரௌசரில் வீடியோ ஓட்டிய ஃப்ளாஷ் காலத்தில் மேக்ரோமீடியா நிறுவனம் செய்தது. ஃப்ளாஷ் 2020 கடைசியோடு போய்விட்டது, இது மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது. இதில் ஒரு பாக்கெட், அதாவது படத்தின் ஒரு சிறு துண்டு, தொலைந்தால், அது வந்து சேரும்வரை பின்னால் வருவதெல்லாம் வரிசையில் நிற்கும். சிக்னல் மோசமானால் வரிசை நீண்டு, கடைசியில் இணைப்பே போய்விடும். எஸ்ஆர்டி என்ற புது வழி அப்படியில்லை. நாம் கொடுத்த கெடுவுக்குள் தொலைந்ததை மறுபடி கேட்டு வாங்கப் பார்க்கும். கெடு தாண்டினால் அந்தத் துண்டை விட்டுவிட்டு மேலே போகும். படம் ஒரு நொடி கட்டம் கட்டமாக உடையும், ஆனால் ஓடும். கனடாவின் ஹைவிஷன் நிறுவனம் 2017ல் இதை ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டதால் இன்று இலவசமாகக் கிடைக்கிறது. போனில் லாரிக்ஸ் பிராட்காஸ்டர், ஐஆர்எல் ப்ரோ, ஐபோன் என்றால் மோப்லின், எதிலும் எஸ்ஆர்டி உண்டு.

ஓபிஎஸ்ஸில் மீடியா சோர்ஸ் ஒன்றைச் சேர்த்து, லோக்கல் ஃபைல் டிக்கை எடுத்துவிட்டு, எஸ்ஆர்டி முகவரியை லிசனர் (காத்திருந்து வாங்கும்) முறையில், 9000 மாதிரி ஏதாவது ஒரு போர்ட்டோடு (உள்ளே வரும் வாசலின் எண்) கொடுங்கள். போன் காலர், அதாவது தேடி வந்து இணைகிற பக்கம். லேட்டன்சிதான் நான் சொன்ன கெடு. இதில் நான் ஒரு வாரம் ஏமாந்தேன். போன் ஆப்பில் இது மில்லி செகண்டில், 2 நொடிக்கு 2000. ஓபிஎஸ்ஸில் மைக்ரோ செகண்டில், அதே 2 நொடிக்கு 2000000. நான் போனில் எதையும் தொடாமல் ஓபிஎஸ்ஸில் மட்டும் 2000 போட்டுவிட்டு, "எஸ்ஆர்டியும் வேஸ்ட்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் கொடுத்த கெடு 2 மில்லி செகண்ட்! கூட்டமான இடத்துக்கு 2 நொடிக்குக் குறைக்காதீர்கள். தேர் இரண்டு நொடி தாமதமாக வந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

படம் அறுந்தால் மாற்றுப் படத்துக்குத் தானாக மாற்ற பிளக்இன்கள் இருக்கின்றன. எனக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. அம்மன் படத்தை அடியில் வைத்து, போன் படத்தை அதன் மேல் முழுசாக மூடினாற்போல் வைத்து, மீடியா சோர்ஸில் ‘படம் முடிந்ததும் எதையும் காட்டாதே’ என்ற டிக்கைப் போட்டுவிடுங்கள். இணைப்பு போனால் மேல் படம் மறைந்து அடியில் இருக்கிற அம்மன் தெரிவாள். உடனே மறையாது, நாலைந்து நொடி உறைந்து நிற்கும். யூடியூப் ஸ்டூடியோவில் ஆட்டோ-ஸ்டாப்பையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டு நெட் ஒரு நிமிஷம் போனால் அவர்களாகவே லைவை முடித்துவைத்து விடுவார்கள்.

இனிதான் நம் ஊர்த் தொல்லைகள். ரூட்டரில் போர்ட்டைத் திறந்துவிட்டால் போன் உள்ளே வந்துவிடும் என்று எல்லா வீடியோவிலும் சொல்வார்கள். திறக்கும்போது வகை கேட்கும்: டிசிபி இல்லை, யுடிபி. விண்டோஸ் ஃபயர்வாலிலும் அதே. இவ்வளவும் செய்தும் வரவில்லையா? ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் வேன் ஐபி (ரூட்டருக்கு வெளியிலிருந்து கிடைத்த முகவரி) என்ன என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் ஆரம்பித்தால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால், அதாவது பல வீடுகளுக்குப் பொதுவான ஒரே முகவரிக்குப் பின்னால், இருக்கிறீர்கள். அபார்ட்மென்டுக்கே ஒரு கதவு எண், உங்கள் வீட்டுக்குத் தனி எண் கிடையாது. வெளியிலிருந்து யாரும் உங்களைத் தேடி வர முடியாது. என் இணைப்புக்காரரிடம் போன் செய்து கேட்டால், "உங்க ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்றார். மூன்று தடவை பண்ணினேன்.

மாசம் கொஞ்சம் கூடக் கட்டி ஸ்டாடிக் ஐபி (மாறாத தனி முகவரி) வாங்கலாம். நான் டெயில்ஸ்கேல் என்ற மென்பொருளைப் போட்டேன். போனிலும் கம்ப்யூட்டரிலும் நிறுவி ஒரே கணக்கில் நுழைந்தால், இரண்டுக்கும் நடுவில் தனிச் சுரங்கப்பாதை கிடைத்துவிடும். தனிப்பட்ட உபயோகத்துக்குக் காசில்லை. அது கொடுக்கிற முகவரியும் 100ல்தான் ஆரம்பிக்கும், குழம்ப வேண்டாம். சில சமயம் நேர்வழி கிடைக்காமல் நடுவில் ஒரு ரிலே (இடைச் சர்வர்) வழியாகச் சுற்றிவரும், அப்போது வேகம் குறையும். கிளம்புமுன் எந்த வழி என்று அதிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கரெண்டை நான் யோசிக்கவே இல்லை. தேர் வருகிற தெருவில் ஒயர் தட்டும் என்று மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்த பிறகு, இதில் யாரும் விளையாடுவதில்லை, விளையாடவும் கூடாது. என் கம்ப்யூட்டர் இருந்ததும் அதே தெருவில்! இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று இருந்தேன். அது மாறுகிற இடைவெளியில் சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. இன்வெர்ட்டரின் பின்னால் யூபிஎஸ் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும், அந்தப் பக்கம் தள்ளி வைத்தால் வேகமாக மாறும். ஃபைபர் பெட்டிக்கும் ரூட்டருக்கும் பேக்கப் வேண்டும். அப்படியே தெருமுனையில் கேபிள்காரர் பெட்டிக்குக் கரெண்ட் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்டு வையுங்கள்.

நான் கடைசியில் கும்பகோணத்தில் அக்கா வீட்டில் ஒரு லேப்டாப்பை வைத்துவிட்டேன். அதற்குப் பேட்டரி உள்ளேயே இருக்கிறது, அங்கே தேரும் இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் உங்கள் வீடாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டமா? அக்கா மகள் திரையைப் பார்த்துக்கொள்வாள், சத்தம் வராவிட்டால் கூப்பிடுவாள். ஸ்லீப் மோடையும் விண்டோஸ் அப்டேட்டையும் முந்தின நாளே அடக்கிவிடுவேன்.

போன் பக்கம் சுருக்கமாக: 720பி, 30 ஃபிரேம், எச்.265 என்ற சுருக்கும் முறையில் 2 எம்பிபிஎஸ் போதும். வீட்டிலிருந்து போகும்போது பழைய முறையான எச்.264ல் கொஞ்சம் கூட்டி, கீஃபிரேம் (முழுப் படம் அனுப்பும் இடைவெளி) 2 நொடி. பிட்ரேட்டை (அந்த எம்பிபிஎஸ் அளவை) ஆப்பே குறைத்துக் கூட்டும் வசதியைப் போடுங்கள். சித்திரை வெயிலில் கவரைக் கழற்றிவிட்டு, பிரைட்னஸைக் குறைத்து, குடை பிடிக்க ஒரு பையனைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் போட்டபடியே லைவ் ஓட்டினால் போன் சூடேறித் தானாக அணைந்துவிடலாம். இரண்டு சிம்மைச் சேர்த்து அனுப்ப எஸ்ஆர்டிஎல்ஏ என்று ஒன்று இருக்கிறது, நன்றாகவே வேலை செய்யும். முதல் வருஷமே அதில் கை வைக்காதீர்கள்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னால் லைவைப் பிரைவேட்டில் போட்டு, குளத்தங்கரைவரை நடந்து போவேன். அங்கே ஏர்பிளேன் மோடை ஒரு நிமிஷம் போட்டு எடுப்பேன். அக்கா மகள் போனில், "மாமா, அம்மன் வந்துட்டா... இப்ப குளம் தெரியுது" என்று சொல்ல வேண்டும். மூன்று தடவை அப்படிச் சொன்ன பிறகுதான் சித்தப்பாவுக்கு லிங்க் போகும்.