கேள்வி-பதில்: சைக்கிள் சந்தா, உள்ளூரிலும் வெளியூரிலும்

செயலி வழியாகப் பலர் மாறிமாறி வாடகைக்கு எடுத்து ஓட்டும் பகிர்வு சைக்கிள் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள். விடுமுறை நெருங்குவதால் பாதிக்கு மேல் வெளிநாட்டுப் பயணக் கேள்விகள். எல்லாவற்றையும் சுருக்கித் தந்திருக்கிறேன்.

எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கத்தில், சைக்கிள் நிறுத்தும் மஞ்சள் கட்டத்துக்குள்தான் சைக்கிளை விட்டேன். ஆனாலும் 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பிடித்துவிட்டார்கள். இது அநியாயம் இல்லையா? – வாசகர், பொங்கோல்

கட்டத்துக்குள் விட்டால் மட்டும் போதாது. அங்கே ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்துதான் பயணத்தை முடிக்க வேண்டும். 2019 முதல் சிங்கப்பூரில் இதுதான் விதி. ஸ்கேன் செய்ததாக நீங்கள் எழுதவில்லை. செய்யவில்லை என்றால் அந்த 5 வெள்ளி போனது போனதுதான். ஓராண்டில் மூன்று முறை இப்படி மாட்டினால் எல்லா நிறுவனங்களின் சைக்கிளுக்கும் சேர்த்துத் தற்காலிகத் தடை வரும், கவனம்.

ஸ்டிக்கர் கிழிந்து ஸ்கேன் ஆகவில்லை என்றால் அது வேறு கதை. கிழிந்த ஸ்டிக்கரும் சைக்கிள் எண்ணும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி படம் எடுத்து, செயலியில் புகார் அனுப்பிவிட்டு அப்புறம் அங்கிருந்து கிளம்புங்கள்.

மாதச் சந்தா கட்டியிருக்கிறேன். காலையில் எங்கள் புளோக்கில் ஒரு சைக்கிள்கூட இருப்பதில்லை. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? – வாசகி, ஜூரோங் வெஸ்ட்

கேட்கலாம், கிடைப்பது கடினம். சந்தா என்பது சவாரிக் கட்டணத்தில் தள்ளுபடி, அவ்வளவுதான். நீங்கள் வரும் நேரத்தில் சைக்கிள் இருக்கும் என்று எந்த நிறுவனமும் உறுதி தருவதில்லை. சந்தா எடுக்கும் முன் ஒரு வாரம் நீங்கள் கிளம்பும் அதே நேரத்தில் செயலியைத் திறந்து பாருங்கள். வரைபடத்தில் சைக்கிள் தெரிந்தாலும் ஒருமுறை இறங்கிப்போய்ப் பார்ப்பது நல்லது. ஏழரை மணிக்கு மீந்திருப்பவை பெரும்பாலும் செயின் தொங்குகிறவை, உட்கார்ந்ததும் சீட்டு சரசரவென்று கீழே இறங்குகிறவை. எல்லோரும் தொட்டுப் பார்த்து ஒதுக்கியவை அவை.

ஓபைக் என்ற பகிர்வு சைக்கிள் நிறுவனத்தில் கட்டிய 49 வெள்ளி முன்பணம் எனக்குத் திரும்பி வரவே இல்லை. இப்போது வெளிநாட்டில் படிக்கும் மகன், அங்கே ஒரு சைக்கிள் செயலி முன்பணம் கேட்கிறது என்கிறான். கட்டலாமா? – வாசகர், ஈசூன்

கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கும் பழைய கோபம் திரும்பிவிட்டது.

ஓபைக் 2017-இல் இங்கே வந்தது. பெரியவர்களுக்கு 49 வெள்ளி, மாணவர்களுக்கு 19 வெள்ளி முன்பணம். 2018 ஜூன் 25 அன்று சிங்கப்பூரில் சேவையை நிறுத்துவதாக அறிவித்தது. நம்பிக் கட்டியவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அதில் பள்ளிப் பிள்ளைகளும் உண்டு. சைக்கிளைக் கண்ட இடத்தில் போட்டவர்களைத்தான் அன்றைக்கு ஊர் முழுக்கத் திட்டியது. அந்த முன்பணத்தை யார், எந்தக் கணக்கில் வைத்திருந்தார்கள் என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்காரர் ஒரு வீட்டுக்கு ஒரு குடித்தனக்காரரிடம்தான் முன்பணம் வாங்குவார். இந்தத் தொழிலில் ஒரே சைக்கிளை மாறிமாறி ஓட்டும் பத்துப் பேர், இருபது பேர் ஒவ்வொருவரும் தனித்தனியாக முன்பணம் கட்டுகிறார்கள். சைக்கிளின் விலையைவிட அதற்காக வாங்கிய முன்பணம் அதிகமாகிவிடும். அது கட்டணம் அல்ல. நீங்கள் வட்டியில்லாமல் கொடுக்கும் கடன். கம்பெனி மூழ்கினால் சொத்தை ஈடாக வாங்கிக்கொண்டு கடன் கொடுத்தவர்கள் முன்வரிசையில் நிற்பார்கள், நீங்கள் அவர்களுக்குப் பின்னால்.

சீனாவில் ஓஃபோ என்ற பகிர்வு சைக்கிள் நிறுவனமும் இப்படித்தான். முன்பணம் முதலில் 99 யுவான், பிறகு 199 யுவான். 2018 டிசம்பர் குளிரில் பெய்ஜிங் அலுவலக வாசலில் மக்கள் வரிசை கட்டி நின்றார்கள். செயலியில் பணம் கேட்டுக் காத்திருந்தவர்கள் ஒரு கோடிக்கும் மேல். மறு ஆண்டே, இந்த நிறுவனங்கள் பொதுவாக முன்பணம் வாங்கக் கூடாது என்று சீன அரசு விதி கொண்டுவந்தது. அந்த விதி இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால் எத்தனையோ பேர் பணம் தப்பியிருக்கும்.

உங்கள் 49 வெள்ளி போனதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. மகன் அதே குழியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாரிஸில் வெலிப் என்ற பகிர்வு சைக்கிளுக்கு ஒரு நாள் பாஸ் எடுக்கப் போனால் 300 யூரோ என்று காட்டுகிறது. நீங்கள் திட்டும் முன்பணம் தானே இதுவும்? – வாசகி, செங்காங்

இல்லை. இது உங்கள் அட்டையில் நிறுத்திவைக்கும் தொகை. பணம் உங்கள் வங்கியிலேயே இருக்கும். சைக்கிள் திரும்பாவிட்டால் எடுப்பார்கள். ஆனால் டெபிட் அட்டை கொடுத்தால் அந்த 300 யூரோ உங்கள் கைக்கு எட்டாமல் சில நாள் முடங்கலாம். பயணத்தில் அது பெரிய தொல்லை. கடன் அட்டையைக் கொடுங்கள்.

இன்னொன்று: நிலையத்தில் சீட்டு பின்பக்கம் திருப்பி வைத்திருக்கும் சைக்கிளைத் தொடாதீர்கள். பழுது என்று அடுத்தவருக்குச் சொல்ல பாரிஸ்காரர்கள் அப்படித் திருப்பி வைக்கிறார்கள். பச்சை நிறம் சாதாரண சைக்கிள், நீலம் மின்சார சைக்கிள். கட்டணம் வேறு வேறு.

நியூயார்க்கில் மகள் அந்த ஊர்ப் பகிர்வு சைக்கிளான சிட்டி பைக்கில் ஆண்டுச் சந்தா வைத்திருக்கிறாள். சைக்கிளை ஸ்டாண்டில் தள்ளிவிட்டு வகுப்புக்கு ஓடியிருக்கிறாள். அது சரியாகப் பூட்டவில்லை. காணாமல்போனால் 1,200 டாலர் என்று பயமுறுத்துகிறார்கள். – வாசகர், தெம்பனிஸ்

பயமுறுத்தல் இல்லை, ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, வரி தனி. 24 மணி நேரத்துக்குள் சைக்கிள் திரும்பாவிட்டால் அந்தத் தொகை வரும். ஆகவே இந்த வரியைப் படித்ததும் மகளுக்குப் போன் போடுங்கள். எந்த நிலையம், எத்தனை மணி, சைக்கிள் எண் என்ன என்று எழுத்தில் வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பட்டும். முடிந்தால் அதே நிலையத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். பல நேரம் சைக்கிள் பாதி சொருகிய நிலையில் அங்கேயே நிற்கும்.

இனிமேல் சைக்கிளை உள்ளே தள்ளியதும் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பின்சக்கரத்தை ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். லண்டனிலும் பச்சை விளக்குதான் அடையாளம். பத்து நொடி வேலை.

சந்தாதாரருக்குச் சாதாரண சைக்கிளில்தான் 45 நிமிடம் இலவசம். மின்சார சைக்கிள் எடுத்தால் சந்தா இருந்தாலும் நிமிடக் கணக்கில் காசு. இதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள்.

லண்டனில் என் 12 வயது மகனுக்கு அந்த ஊர்ப் பகிர்வு சைக்கிளான சான்டாண்டர் சைக்கிள் எடுக்கலாமா? – வாசகர், உட்லண்ட்ஸ்

முடியாது. ஓட்ட 14 வயது, வாடகைக்கு எடுக்க 18 வயது ஆகியிருக்க வேண்டும்.

போன விடுமுறையில் ஒரு சந்தா எடுத்தேன். ஊர் திரும்பியதும் செயலியை நீக்கிவிட்டேன். மாதாமாதம் பணம் போய்க்கொண்டே இருக்கிறது. நிபந்தனைகளை யார் படிக்கிறார்கள்? – வாசகர், அங் மோ கியோ

நீங்கள் படித்திருக்க வேண்டும். அட்டை எண் கொடுக்கும் இடத்தில் “தானாகப் புதுப்பிக்கப்படும்” என்ற ஒரு வரியைத் தேடுவதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.

எனக்கும் இப்படி ஒரு சந்தா வாய்த்தது. முதல் மாதம் பாதி விலை என்றார்கள். ரத்து செய்யும் பொத்தான் செயலியில் இல்லை. இணையதளத்தில் கணக்குப் பக்கத்தின் அடியில் ஒளிந்திருந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த மாதக் காசு போய்விட்டது. மின்னஞ்சலுக்குப் பதிலே வரவில்லை. அன்றிலிருந்து சந்தா எடுத்த உடனேயே, முதல் சவாரிக்கு முன்பே, புதுப்பித்தலை நிறுத்திவிடுகிறேன்.

நீங்கள் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் ரத்து செய்யுங்கள். நகலை வைத்துக்கொள்ளுங்கள். பிறகும் பிடித்தால் அந்த நகலோடு வங்கியிடம் ஆட்சேபம் கொடுங்கள். செயலியை நீக்குவதால் எதுவும் ரத்தாகாது.

பயணத்துக்கு மடக்கும் ஹெல்மெட் வாங்கலாமா? – வாசகி, பிடோக்

நான் வாங்கியதன் கொக்கி முதல் வாரமே உடைந்தது. சாதாரண ஹெல்மெட்டைப் பையின் வெளியே மாட்டிக்கொண்டு போங்கள்.

ஜெர்மனியில் மூன்று நகரங்களுக்குப் போகிறேன். ஒவ்வொன்றிலும் தனிச் சந்தா வேண்டுமா? – வாசகர், குவீன்ஸ்டவுன்

லைப்சிக்கில் 2004-இல் தொடங்கிய நெக்ஸ்ட்பைக் நிறுவனத்தில் ஒரு கணக்கைத் திறந்தால் அது ஓடும் மற்ற நகரங்களிலும் சைக்கிள் எடுக்கலாம். சந்தாச் சலுகை மட்டும் பெரும்பாலும் அந்தந்த ஊரோடு நின்றுவிடும். மூன்று ஊரில் சில நாட்கள்தான் என்றால் சந்தாவே வேண்டாம். சவாரிக்குச் சவாரி காசு கொடுங்கள், ஊர் திரும்பும் முன் அட்டை விவரத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.