நடந்தும் கால் தேறவில்லையே!

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. தோட்டத்தில் பல வருடம் பால்மரம் சீவியவர். இப்போது சுங்கை சிப்புட்டில் எங்களோடு தாமான் வீட்டில் இருக்கிறார். இனிப்புநீருக்கு மெட்ஃபோர்மினும் கிளிக்லசைடும் சாப்பிடுகிறார். தினமும் அரை மணி நேரம் நடந்தும், நாற்காலியிலிருந்து எழக் கையை ஊன்றுகிறார். நடை போதாதா?

பதில்: போதாது. சமதரை நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லதுதான். ஆனால் தொடைக்கு அது பழகிப்போன சுமை. பழகிய சுமையில் தசை வலுக்காது. சாப்பிட்ட பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை இன்சுலின் பெரும்பாலும் தசைக்குள்தான் அனுப்புகிறது. தசை கரைந்தால் அதற்குப் போக்கிடம் குறையும்.

முதலில் அளந்து பாருங்கள். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். லேசான பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். அம்மா கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை வேகமாக எழுந்து உட்காரட்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் வலு குறைவு. தசை இழப்பு பற்றிய ஆசிய நிபுணர் குழு 2019இல் வகுத்த அளவு இது.

மருந்தும் அதே நாற்காலிதான். கை ஊன்றாமல் எழ முடியாவிட்டால் மடித்த போர்வையைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இருக்கட்டும். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னே சாய்ந்து, மூச்சை விட்டபடி எழ வேண்டும். உட்காரும்போது மூன்று நான்கு விநாடி எடுத்து மெல்ல இறங்க வேண்டும். பலரும் இங்கேதான் ‘தொப்’பென்று விழுகிறார்கள்; பாதிப் பயன் அங்கேயே போச்சு. மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும். இனிப்புநீரால் கண் விழித்திரை பாதித்தவர்களுக்கு அது ஆபத்து. 8 முறை, இரண்டு நிமிட ஓய்வு, மறுபடி 8. வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். 12 முறை சுலபமானதும் போர்வையை எடுத்துவிடுங்கள். பிறகு கைக்கு ஒரு அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தல்.

கிளிக்லசைட் போட்டுவிட்டுப் பசியாறாமல் பயிற்சியில் இறங்கக் கூடாது. சர்க்கரை மீட்டரில் 5.6 mmol/Lக்குக் கீழே காட்டினால் முதலில் ஒரு வாழைப்பழமாவது சாப்பிடட்டும். நம் ஊர் வெயிலில் வியர்வையை வைத்து மட்டும் சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டதா என்று சொல்ல முடியாது. கைநடுக்கம், திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் ஆகியவற்றைக் கவனியுங்கள். வந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்கவும். காலில் மரத்துப்போதல் இருந்தால் நடைக்குச் சிலிப்பர் கூடாது, மூடிய சப்பாத்துதான். மெட்ஃபோர்மின் நாளடைவில் பி12 சத்தைக் குறைத்து மரத்துப்போகச் செய்வதும் உண்டு, கிளினிக்கில் கேளுங்கள்.

ரொட்டி சானாயும் தே தாரேக்கும் மட்டும் பசியாறினால் தசைக்குப் புரதம் போதாது. ஒரு முட்டையில் 6 கிராம் கிடைக்கும்; தெம்பேயும் நல்லது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை டாக்டர் சொல்ல வேண்டும்.

கேள்வி: கொலஸ்ட்ராலுக்குச் சிம்வாஸ்டாட்டின் தொடங்கிய பின் இரண்டு தொடையும் வலிக்கிறது. நிறுத்தலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். டாக்டரிடம் சொன்னால் ரத்தத்தில் தசைச் சேதத்தைக் காட்டும் சிகே (கிரியேட்டின் கைனேஸ்) அளவைப் பார்த்து, மருந்தை மாற்றுவார் அல்லது அளவைக் குறைப்பார். சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இன்னொன்று: தம்புன் பம்பளிமாஸ் பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று ஆசையாகச் சாப்பிடுகிறீர்களா? அது இந்த மாத்திரையை உடலில் தேங்க வைக்கக்கூடும். மாத்திரை மாறும்வரை விட்டுவிடுங்கள்.