ஏழைகளுக்கு நிதி திரட்டப் பள்ளிப் பிள்ளைகள் நடைப்பயணம் போவது எதற்கு? பணமாகவே கொடுத்துவிடலாமே?

கொடுக்கலாம், ஆனால் அது பெற்றோரின் பணமாகத்தான் இருக்கும். நடைப்பயணத்தில் பிள்ளையே தாளும் பேனாவுமாகப் பெரியப்பாவிடமும் மளிகைக்கடை அண்ணாச்சியிடமும் போய், "நீ நடக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு தருகிறேன்" என்று எழுதி வாங்குகிறது. எதற்கு என்று அவர்கள் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும்போதுதான் வறுமையைப் பற்றி அது முதன்முதலாக யோசிக்கிறது.

ஐ.நா. 1992இல் அறிவித்த வறுமை ஒழிப்பு நாளான அக்டோபர் 17 இதற்கு ஏற்ற நாள்.

திருப்பூரில் நடத்துவதானால் ஒன்றை மறக்கக் கூடாது. பனியன் கம்பெனித் தொழிலாளியின் மகளும் அதே வரிசையில்தான் நடப்பாள். அவள் குடியிருக்கும் லைன் வீடுகளையும், பொதுக்குழாயடியில் காத்திருக்கும் குடங்களையும் வேடிக்கை காட்டும் பாதை வேண்டவே வேண்டாம். யார் எவ்வளவு திரட்டினார்கள் என்று பெயர் சொல்லி மேடையில் வாசிப்பதும் கொடுமை. மொத்தத் தொகையை மட்டும் அறிவித்து, செலவுக் கணக்கைப் பெற்றோர் கூட்டத்தில் வைத்தால் போதும்.